ஊர்ப் பேரை மட்டும் மாற்றி

அத்தியாயம் 17

குளோரியின் அடுக்களையைக் கடல் எடுத்துக்கொண்டு போய் இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது.

போன வாரம் அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியதற்காக என்னைத் திட்டி மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. மார்த்தாண்டத்து வாசகி ஒருவர், ‘அம்மிக்கல்லாவது கிடைத்ததா இல்லையா என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே’ என்று எழுதியிருக்கிறார். கிடைக்கவில்லை அம்மா. அம்மியும் போயிற்று, குழவியும் போயிற்று, சுவரோடு சேர்ந்து மசாலா டப்பாவும் போயிற்று. கேஸ் சிலிண்டரை மட்டும் மருமகள் ஷெர்லி முன்கூட்டியே உருட்டி முன்னறைக்குக் கொண்டுவந்திருந்தாள்.

இன்றைக்குத்தான் இந்தக் கதையைக் கையில் எடுக்கிறவர்களுக்காக இரண்டு வரி. மேலத்தோப்பும் கீழத்தோப்பும் அடுத்தடுத்த கடற்கரை ஊர்கள். நடந்தால் இருபது நிமிஷம். மேலத்தோப்பில் கடல் வீடுகளைத் தின்ன ஆரம்பித்தபோது, மரியஜான் முன்னால் நின்று மனு எழுதி, சாலை மறியல் நடத்தி, தூண்டில் வளைவு கேட்டு வாங்கினார். கரையிலிருந்து கடலுக்குள் வளைந்து போகிற கல் சுவர் அது. மலையை உடைத்து லாரி லாரியாகக் கல் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், 2013இல், வேலை முடிந்தது. மேலத்தோப்பில் மணல் சேர்ந்தது, கிழக்கே கீழத்தோப்பில் மணல் போயிற்று.

மரியஜானின் ஒரே மகள் ஷெர்லி வாழ்க்கைப்பட்டிருப்பது அந்தக் கீழத்தோப்பில். மாமியார் குளோரி இரண்டு வருஷமாகச் சம்பந்தியோடு பேசுவதில்லை. அவரைப் பற்றிப் பேசுவாள், நிறையவே பேசுவாள்.

இனி, சனிக்கிழமை.

காலையில் எழுந்ததும் ஷெர்லி செய்கிற முதல் வேலை, பின்கதவிலிருந்து தண்ணீர் வரைக்கும் அடி வைத்து எண்ணுவது. நேற்று இருபத்திரண்டு. இன்று பத்தொன்பது. அலை ஏறும், இறங்கும், ஒரே அளவில் நிற்காது, எண்ணி ஒரு பயனும் இல்லை என்று அவளுக்கே தெரியும். எண்ணாவிட்டால் அன்று முழுவதும் கை வேலையில் ஓடாது. எண்ணினாலும் ஓடாது, அது வேறு விஷயம்.

அவளுக்கு இருப்பதைப் பயம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. புயல் என்றால் வரும், அடிக்கும், போய்விடும். அப்புறம் கூரை மாற்றலாம். இது போகிற மாதிரி இல்லை. பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் பிள்ளைக்குத் தலை சீவும்போதும் கூடவே இருக்கிறது. கோபமும் வருகிறது, யார் மேல் என்று அவளுக்கே சரியாகத் தெரியாத கோபம். ஆகையால் கையில் அகப்படுகிறவர்கள் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். இன்று காலை அகப்பட்டவன், குவைத்திலிருந்து இமோவில் வந்த அவள் புருஷன் சஜின்.

“நாகர்கோவில்ல ஒரு வீடு பாரு. வாடகைய நான் அனுப்புதேன்,” என்றான்.

“ஒனக்க அம்மைய நீயே கூப்பிட்டுச் சொல்லு. இந்தப் படிய விட்டு எறங்க மாட்டேங்காவ. நான் யாருகிட்ட மல்லுக்கட்ட?”

“நீ டென்ஷன் ஆவாத ஷெர்லி. எல்லாக் கடற்கரையும் இப்ப இப்பிடித்தான். உலகமே சூடாவுதாம், கடல் மேல ஏறுதாம். யூடியூப்ல பாத்தேன்.”

முன்னறையிலிருந்து குளோரியின் குரல் வந்தது. ஊர் ஊராக மீன் விற்றுப் பழகிய குரல், குவைத் வரைக்கும் போன் இல்லாமலே கேட்கும்.

“உலகம் சூடானா அதுக்கு எனக்க அடுக்களதான் கெடச்சுதா? எனக்க மவன்கிட்ட கேளு! மேலத்தோப்புல மட்டும் உலகம் சூடாவல்லியா?”

சஜின் சிக்னல் போன மாதிரி காணாமல் போனான். இந்த விஷயத்தில் அவன் கெட்டிக்காரன்.

மாமியார் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் ஷெர்லிக்குக் கஷ்டம். அந்த நியாயம் எந்த வழியாகச் சுற்றி வந்தாலும் கடைசியில் அவள் அப்பாவின் தலையில் போய்தான் நிற்கும்.

அவளுக்கு இன்று யோசித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. நாளை காலைப் பூசையில் பதினான்கு பிள்ளைகளுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறவர்களில் அவள் மகள் லிஜாவும் ஒருத்தி. இன்று சாயங்காலம் நாலு மணிக்குக் கோவிலில் பிள்ளைகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி முடித்தால்தான் நாளைக்கு நன்மை.

“நான் போவல்ல,” என்றாள் லிஜா.

எட்டு வயது. அடுக்களை போன நாளிலிருந்து பள்ளிக்கூடப் பையைக் கீழே வைப்பதில்லை. உள்ளே ஞானஸ்நானப் போட்டோ, ரேங்க் கார்டு, ஒரு புது சோப்பு, ரேஷன் கார்டின் ஜெராக்ஸ். ராத்திரி அதுதான் தலையணை. ரேஷன் கார்டு எதற்கு என்று ஷெர்லி கேட்டதற்கு, ‘அது இல்லேன்னா ஒண்ணும் கெடைக்காதுன்னு பாட்டி சொல்லும்’ என்று பதில் வந்திருந்தது.

“ஏட்டி, எதுக்குப் போவ மாட்ட?”

“பாட்டா வரணும். பாட்டா வந்த பொறவுதான் போவேன்.”

பாட்டா என்றால் மரியஜான். ஷெர்லி வாசல் பக்கம் பார்த்தாள். பார்த்ததில் பயன் இல்லை, குளோரி ஏற்கனவே அங்கே வந்து நின்றுகொண்டிருந்தாள்.

“கேட்டியா கதைய! அங்க இருந்து சொல்லிக் குடுத்திருக்கு. புதுநன்மைக்கு வெள்ள உடுப்பு தாய்வீட்டுச் சீராக்கும், அத நான் தடுக்கல்ல. உடுப்பு வரட்டும். ஆளு வராண்டாம். அண்ணைக்குச் சொன்னதுதான் இண்ணைக்கும்.”

“மாமி, அவகிட்ட யாரும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல்ல.”

“பின்ன எட்டு வயசுப் பிள்ளைக்குப் பாட்டாவும் பாவசங்கீர்த்தனமும் எப்பிடிச் சேரும்?”

லிஜா பையைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

பதினொரு மணிக்குச் செசிலி டீச்சர் வந்தாள். மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவள். கிழக்கே அடுத்த ஊரான பள்ளத்துறைக்காரி. இரண்டு ஊருக்கும் ஒரே கோவில் என்பதால் ஞாயிறுதோறும் கரை வழியாக நடந்தே வருவாள். பள்ளத்துறையில் இன்னும் கரையில் நின்று கரமடி வலை இழுக்கிற அளவுக்கு மணல் இருக்கிறது. டீச்சர் வீட்டுக்குப் பின்னால் நாற்பது தென்னை நிற்கிறது, அதற்கப்புறம்தான் கடல். அடுக்களை போன மறுநாளிலிருந்து தினமும் ஒரு தூக்குவாளியில் கஞ்சியோ குழம்போ கொண்டுவந்து வைத்துவிட்டு, நேற்றைய வாளியை எடுத்துப் போகிறாள். யாரும் கேட்கவில்லை. நன்றி சொன்னால், ‘எனக்க வீட்டுல அடுப்பு எரியத்தானே செய்யுது அக்கா’ என்பாள்.

டீச்சர் லிஜாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசிப் பார்த்தாள். பயமா என்று கேட்டாள், சாமியார் திட்டமாட்டார் என்றாள், மறந்துபோனால் நானே கூட நிற்கிறேன் என்றாள்.

“பாட்டா வரணும்,” என்றாள் லிஜா.

டீச்சர் எழுந்து ஷெர்லியைத் தனியாகக் கூப்பிட்டாள். “எனக்கு ஒண்ணும் பிடிபடல்ல ஷெர்லி. ஆனா வெளையாட்டுக்குச் சொல்லல்ல. பிள்ளைக்கு உள்ள என்னவோ வெப்ராளம் இருக்கு. ஒனக்க அப்பாவ வரச் சொல்லு. குளோரியக்கா ஏசினா ஏசட்டும்.”

ஷெர்லி போனை எடுத்துக்கொண்டு தெருக்கோடியில் சிலுவை நிற்கிற குருசடி வரைக்கும் நடந்து போய்ப் பேசினாள்.

“அப்பா, பிள்ள உங்களக் கேக்குது. நீங்க வராம பாவசங்கீர்த்தனத்துக்குப் போவ மாட்டாளாம்.”

“ஒனக்க மாமி?”

“மாமி சொன்னதுதான் உங்களுக்குத் தெரியுமே.”

“பின்ன நான் எப்பிடி வர மக்கா?”

“அது எனக்குத் தெரியாது. வாருங்க.”

மேலத்தோப்பில் மரியஜான் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். வலது கணுக்காலில் வர்ம ஆசான் எண்ணெய் போட்டுக் கட்டின கட்டு. திங்கட்கிழமை தூண்டில் வளைவுக் கல்லில் வழுக்கி விழுந்தது. அறுபத்தொரு வயதில் அந்தக் கல்லின் நுனி வரைக்கும் போய் என்ன வேலை என்று ஊரே கேட்டது. தூண்டில் போடப் போனேன் என்று சொல்லியிருந்தார். அவர் கையில் தூண்டில் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை.

நமக்குத் தெரியும். அந்த நுனியில் நின்றால் கிழக்கே கீழத்தோப்பு தெரியும். வெள்ளையடித்த அடுக்களைச் சுவர் தெரியும். இரண்டு வருஷமாக வாரத்துக்கு ஒருநாளாவது போய், அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். போய்விட்டது என்று மகள் போனில் சொன்ன பிறகும் மனசு நம்பாமல் திங்கட்கிழமை பார்க்கப் போனார். சுவர் இருந்த இடத்தில் வெளிச்சமாக இருந்தது. அப்போதுதான் கால் தவறியது.

இந்த இரண்டு வருஷமும் அவரைத் தூங்க வைத்தது ஒரே ஒரு வாக்கியம். ‘கடல் மட்டம் உலகம் பூரா ஏறிக்கிட்டிருக்கு, நாம என்ன செய்ய முடியும்’ என்று எங்கோ ஒரு கூட்டத்தில் ஒரு அதிகாரி சொன்னது. அதைக் காய்ச்சல் மாத்திரை மாதிரி கைவசம் வைத்திருந்தார். மனசு உறுத்துகிற நேரத்தில் ஒன்று போட்டுக்கொள்வார். அது பொய்யும் இல்லை. உண்மையான வாக்கியம் என்பதால்தான் அத்தனை வசதியாக இருந்தது.

வெள்ளை உடுப்பும் கிரீடமும் இருந்த அட்டைப்பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். வழக்கமாக மகளைப் பார்க்க வந்தால் மெயின்ரோட்டு பஸ் ஸ்டாப்பிலேயே நின்று, கொடுப்பதைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். இன்று ஆட்டோவைக் கரை வரைக்கும் விடச் சொன்னார்.

மூன்று மணி. குளோரி வாசலில் உட்கார்ந்து சாளை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நொண்டி நொண்டி வந்து நின்ற ஆளை நிமிர்ந்து பார்த்தாள். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் பேசுவதற்கு நம்மூரில் வழி இருக்கிறதே, மூன்றாவது ஆள் வழியாகப் பேசுவது.

“ஷெர்லி, ஆளு வராண்டாம்னு நான் சொன்னது மேலத்தோப்புல கேக்கல்லியா?”

“பிள்ள கூப்பிட்டான்னு சொல்லு ஷெர்லி. நான் உள்ள வரல்ல, முற்றத்துல நிக்கேன்.”

“முற்றமா? பின்னால ஒரு முற்றம் இருந்துது. அது எங்க இருக்குன்னு போய்ப் பாத்துட்டு வரச் சொல்லு.”

ஷெர்லி நடுவில் நின்று இரண்டு பேரையும் பார்த்தாள். யாருக்கும் எதையும் சொல்லவில்லை. அப்பாவின் கையிலிருந்த பெட்டியை வாங்கித் திண்டில் வைத்தாள்.

லிஜா பையோடு ஓடிவந்தாள். முற்றத்தில் இறங்கினவள் கட்டுப் போட்ட காலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“பாட்டா, கால் ஒடிஞ்சுட்டா?”

“இல்ல மக்கா. சுளுக்கு. ரெண்டு நாள்ல சரியாவும்.”

“என்னாலதான்,” என்றாள் லிஜா.

பிறகு, வகுப்பில் பழக்கியிருந்த மாதிரியே மணலில் முழங்கால் போட்டுக் கை கூப்பிக்கொண்டாள். பை முதுகிலேயே தொங்கியது. மனப்பாடம் செய்த குரலில் சொன்னாள்:

“பாட்டா, நான் உங்களுக்கு எதிராப் பாவம் செஞ்சேன். என்னை மன்னிச்சிருங்க.”

“என்ன பாவம் மக்கா?” மரியஜான் சிரிக்கத்தான் பார்த்தார். பேனாவை உடைத்திருப்பாள், போனைக் கீழே போட்டிருப்பாள் என்று நினைத்தார்.

“அடுக்கள போன அண்ணைக்கு நான் மாதாகிட்ட ஜெபிச்சேன். இந்தக் கடல மேலத்தோப்புக்குப் போவச் சொல்லுன்னு கேட்டேன். அங்கதான் கல்லு இருக்குல்லா, ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன். பொறவு திங்கக்கெழம நீங்க விழுந்துட்டீங்க.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “யாருக்கு எதிரா பாவம் செஞ்சமோ அவங்ககிட்ட மொதல்ல மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் சாமியார்கிட்ட போவணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. அத மறைச்சு நன்ம வாங்கினா நாக்குல ரத்தம் வருமாம். எனக்க கிளாசுல ஜெனிஷா சொன்னா.”

குளோரியின் கத்தி பாதி மீனில் நின்றது.

‘சரி மக்கா, மன்னிச்சேன்’ என்று சொன்னால் முடிந்துபோகிற விஷயம். பிள்ளை எழுந்து கோவிலுக்கு ஓடிப்போகும். மரியஜான் சொல்லத்தான் வாயெடுத்தார். ஒரே ஒரு ராத்திரி ஜெபித்ததற்கு இந்தப் பிள்ளை ஐந்து நாள் சரியாகச் சாப்பிடாமல் தவித்திருக்கிறது. அவர் இரண்டு வருஷம் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது. காலை மடக்க முடியாமல் ஒருவழியாக மணலில் அவளுக்கு நேராக உட்கார்ந்தார்.

“அத மொதல்ல கேட்டது நான் மக்கா.”

“நீங்களும் மாதாகிட்ட கேட்டீங்களா?”

“மாதாகிட்ட இல்ல. கலெக்டர் ஆபீசுல கேட்டேன். மாதா ஒனக்குத் தரல்ல. அவங்க எனக்குத் தந்துட்டாவ.”

லிஜாவுக்குப் புரியவில்லை. புரியவேண்டியவளுக்குப் புரிந்தது. மரியஜான் தலையைத் திருப்பி, இரண்டு வருஷத்தில் முதல் முறையாகக் குளோரியை நேராகப் பார்த்துப் பேசினார்.

“குளோரி, எனக்குத் தெரியும். கல்லு போடும்போதே அங்க வந்த இன்ஜினியர் எங்கிட்ட சொன்னாரு. இங்க வளைவு வந்தா கெழக்க மணல் போவும், மூணு வருஷத்துல வீடுங்க போவும்னு. நான் கேக்காத மாதிரி இருந்துட்டேன். ஊருக்கு வேணும், வேற வழியில்லன்னு நெனச்சேன். பொறவு உலகம் சூடாவுது, கடல் ஏறுதுன்னு எல்லாரும் சொன்னப்ப எனக்கு வசதியாப் போச்சு. அதுக்க பொறத்தால ஒளிஞ்சுகிட்டேன். ஒனக்க அடுக்கள எனக்க கையால போனது. மன்னிச்சிரு.”

குளோரி கத்தியைக் கீழே வைத்தாள்.

பேசினது ஷெர்லி. குரல் அவளுடையது மாதிரி இல்லை.

“தெரியுமா? அப்பா, உங்களுக்குத் தெரியுமா?”

“மக்கா…”

“நான் இங்க இருக்கேன். இவ இங்க இருக்கா. கல்லு வந்தப்ப இவளுக்கு ஆறு வயசு. தெரிஞ்சா இருந்தீங்க?” அழுகை வரவில்லை அவளுக்கு. இத்தனை நாள் யார் மேல் என்று தெரியாமல் இருந்த கோபத்துக்கு இப்போது ஒரு முகம் கிடைத்துவிட்டது, அது சின்ன வயதில் தோளில் தூக்கிக்கொண்டு கடலைக் காட்டின முகமாக இருந்தது. அவளால் அதைத் தாங்க முடியவில்லை. “லிஜா, எழும்பு. நாலு மணியாவுது.”

“பாட்டா இன்னும் மன்னிக்கல்ல அம்மா.”

“மன்னிச்சேன் மக்கா,” என்றார் மரியஜான் அவசரமாக. “போ. நல்ல பிள்ளையா போய்ட்டு வா.”

ஷெர்லி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

முற்றத்தில் இரண்டு பேர் மீந்தார்கள். குளோரி மிச்ச மீனையும் வெட்டி முடித்தாள். கையைக் கழுவினாள். உள்ளே போனாள். கதவைச் சாத்துவாள் என்று மரியஜான் எதிர்பார்த்தார். சாத்தினால் அது நியாயம் என்றும் நினைத்தார்.

அவள் ஒரு தாளோடு திரும்பி வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்தாள். மூன்றாவது ஆள் இல்லாததால் நேராகவே பேசவேண்டியிருந்தது.

“கண்ணாடி கொண்டாந்தாச்சா?”

“இல்ல.”

“அப்ப நான் வாசிக்கேன். ‘ஐயா, தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பி வாழும் நாங்கள், இன்று கடலால் கைவிடப்பட்டு, அரசு ஒன்றே கதி என்று தங்கள் முன் நிற்கிறோம்…’”

அவள் வாசிக்க வாசிக்க மரியஜானின் உதடுகளும் அசைந்தன. அடுத்த வரி அவருக்குத் தெரியும். அதற்கடுத்த வரியும் தெரியும். அவரே எழுதினதுதான். மேலத்தோப்புக்குத் தூண்டில் வளைவு வேண்டும் என்று கேட்டு மூன்று ராத்திரி உட்கார்ந்து எழுதின மனு.

“இது நான் எழுதினதாக்கும்.”

“ஆமா. ஒரு காப்பி கெடச்சுது. ஊர்ப் பேரை மட்டும் மாத்தியிருக்கு.” குளோரி தாளைத் திருப்பிக் காட்டினாள். “இருவத்தாறு வீட்டுக் கையெழுத்து இருக்கு. மொதக் கையெழுத்து எனக்க. திங்கக்கெழம நாங்க ரோட்டுல இருக்கப் போறோம். எங்களுக்கு அதுக்க வழி தெரியாது. எந்த ஆபீசரப் பாக்கணும், எப்ப எழும்பணும், எப்ப எழும்பக் கூடாதுன்னு தெரியாது. ஒங்களுக்குத் தெரியும். நீங்க முன்ன இருக்கணும். மன்னிப்பெல்லாம் அதுக்குப் பொறவு பாக்கலாம்.”

“குளோரி, இங்க கல்லு வந்தா மணல் எங்க போவும்னு…”

“தெரியும்.”

“கெழக்க பள்ளத்துறைக்கு…”

“தெரியும்னு சொன்னேன்லா!” அவள் பார்வை வாசலோரம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த தூக்குவாளியில் போய் விழுந்தது. செசிலி டீச்சரின் வாளி. சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டாள். “பின்ன நான் என்ன செய்யணும்? நீங்களே சொல்லுங்க. மரியாதையா தண்ணிக்குள்ள எறங்கிப் போவணுமா? ஷெர்லி தெனமும் காலம்பற தண்ணி வரைக்கும் அடி எண்ணுகா. நான் தூங்குகதா நெனச்சு எண்ணுகா. நான் அவளுக்கு முன்ன எழும்பி எண்ணிட்டுத்தான் வந்து படுக்கேன். பத்தொம்பது. இண்ணைக்குப் பத்தொம்பது.”

இரண்டு வருஷம் ஊர் கேட்க ஏசினவளின் குரல் இவ்வளவு சிறுத்துப்போகும் என்று மரியஜான் நினைத்ததில்லை. அவர் மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுக்கிற தகுதி தனக்கு இல்லை என்று தோன்றியது. சம்மதிக்கிற தைரியமும் இல்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் கோவில் பக்கமிருந்து லிஜாவின் சத்தம் கேட்டது. ஓடி வந்தாள். கூடவே செசிலி டீச்சர், கையில் இன்றைய வாளி. ஷெர்லி இல்லை.

“முடிஞ்சுது பாட்டி! எல்லாத்தையும் சொல்லிட்டேன். சாமியார் மூணு அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னாரு, அதையும் சொல்லியாச்சு. இப்ப எங்கிட்ட ஒரு பாவமும் இல்ல!” ஒன்பது நாளில் முதல் தடவையாகப் பையைத் தோளிலிருந்து கழற்றித் திண்டில் போட்டாள்.

“ஷெர்லி எங்க?” என்றாள் குளோரி.

“கோவில்ல இருக்கா அக்கா. கொஞ்ச நேரம் இருந்துட்டு வாறாளாம். நான் ஒண்ணும் கேக்கல்ல.” டீச்சர் வாளியைக் கீழே வைத்தாள். “மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். நாளைக்கு விசேஷமில்லா, இண்ணைக்கு நீங்க சமைக்காண்டாம். அதென்ன தாளு?”

குளோரி தாளை மடித்து இடுப்பில் செருகப் பார்த்தாள். எதையும் யாருக்கும் மறைத்துப் பழக்கமில்லாத கை. பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

“ஒண்ணுமில்ல.”

“மனுவா? கல்லு கேக்குற மனுவா?” டீச்சர் சிரித்துவிட்டாள். “அத எதுக்கு எங்கிட்ட மறைக்கீங்க? உங்களுக்குக் கல்லு போட்டே ஆவணும்னு நான்தான் சாமியார்கிட்டயே சொன்னேன். பள்ளத்துறைக்காரங்க கையெழுத்தும் இருந்தா மனுவுக்குப் பலம்லா. நானே வீடு வீடா வாங்கித் தாறேன். மொதல்ல எனக்கதைப் போடுதேன். கொண்டாங்க அக்கா.”

மறைக்கல்வி நோட்டில் குத்தியிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். கையை நீட்டினாள்.

குளோரி அசையவில்லை. லிஜா டீச்சரையும் பாட்டியையும் மாறிமாறிப் பார்த்தாள், பிறகு பாட்டாவைப் பார்த்தாள். மேலத்தோப்பில் ஒரு இன்ஜினியர் தன்னிடம் வந்து பேசின நாள் மரியஜானுக்கு ஞாபகம் வந்தது. அன்று கேட்காத மாதிரி இருந்தார். இன்று சொல்லவேண்டிய இடத்தில் அவர்தான் இருக்கிறார். சொன்னால் கல் வராது, இருபத்தாறு வீடு போகும். அதில் ஒன்று மகளுடையது.

திண்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சுளுக்கின கால் தாங்கவில்லை.

“டீச்சரே, கையெழுத்துப் போடுகதுக்கு முன்ன…”

“அண்ணே!” என்றாள் குளோரி.

இரண்டு வருஷமாக அவரை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை.